பேசும் பெட்டி விழுங்கிய பாதி வாக்கியம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து, என்னிடம் வேலை பழகிய நித்யா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். பணியில் இருந்த கடைசி சீரியல் கேபிளையும் கழற்றிச் சுருட்டி ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கூடவே ஒரு கேள்வி: "சார், எந்த மெஷின் வந்தாலும் முதல்ல 'நிறுத்துன்னா நிக்குதா பாரு'ன்னு சொல்வீங்களே, அது எங்கேர்ந்து வந்துச்சு? இப்பவாவது சொல்லுங்க."

வாட்ஸப்பில் நாலு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாலிடெக்னிக் முடித்து, கொஞ்ச காலம் டிவி ரிப்பேர் பார்த்து, எண்பதுகளின் நடுவில் மேற்குத் தாம்பரத்தில் ஸ்டெல்லா மேடத்தின் கடையில் சேர்ந்தேன். செருப்புக் கடைக்கு மேலே மாடியில் ஒரு நீளமான அறை. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அப்போதுதான் ஒன்றிரண்டாகத் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. வெளிநாட்டில் சொந்தம் உள்ளவர்கள், டாக்டர்கள், சில கல்லூரிகள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். டைப்ரைட்டர் மாதிரி ஒரு கீபோர்டு, அதற்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் அடக்கம். வீட்டு டிவியில் சொருகிக்கொள்ள வேண்டியதுதான்.

அதோடு பிரின்டரையோ வேறு கருவியையோ சேர்ப்பதுதான் தலைவலி. சீரியல் கேபிளில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் போகும். அனுப்புகிறவர் வேகமாகவும் வாங்குகிறவர் மெதுவாகவும் இருந்தால், வந்த எழுத்துகள் காத்திருக்க ஓர் இடம் வேண்டும். அதற்குப் பெயர்தான் பஃபர். அது நிரம்பப் போகிறது என்றால் வாங்குகிற கருவி இன்னொரு கம்பி வழியாக 'நிறுத்து' என்று சொல்லும். அனுப்புகிறவர் நிற்காவிட்டால் அதற்குமேல் வருகிற எழுத்துகள் தொலைந்துபோகும். சத்தம் வராது, புகை வராது, டிவியில் எந்த எச்சரிக்கையும் வராது. பல்லாவரத்தில் ஒரு டாக்டர் வீட்டில் நோயாளிகளின் பெயர் பாதி பாதியாக அச்சாகும். குரோம்பேட்டையில் ஒரு ஏற்றுமதிக் கடையில் பில்லின் நடுவரி காணாமல் போகும். எங்களுக்கு வந்த வேலைகளில் பாதி இந்த ரகம்.

ஸ்டெல்லா மேடம் அதற்கு முன் ஒரு கம்பெனியில், கம்பி வழியாக வரும் செய்தியை அச்சடிக்கும் டெலிபிரின்டர்களை ரிப்பேர் பார்த்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. ஒரு மெஷினைத் திறந்தால், திருகாணிகளை ஓர் இட்லித் தட்டில் போடச் சொல்வார். ஒரு குழிக்கு ஒரு மூடியின் திருகாணி. எந்த ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்னாலும் அது இருந்த நிலையை வரைந்து வைக்க வேண்டும். வாடிக்கையாளர் வந்து "ஓடல" என்றால், "நீங்க என்ன செஞ்சீங்களோ அதை அப்படியே செஞ்சு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். நடுவில் ஒரு வார்த்தை பேச மாட்டார். "நீங்க தப்பா யூஸ் பண்ணியிருக்கீங்க" என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களைத் திட்டியதும் இல்லை. நாம் ஏதாவது குளறுபடி செய்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். நாமே கண்டுபிடித்துச் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டார். திட்டே தேவலாம் என்று தோன்றும்.

நான் சேர்ந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தபோது, ஒரு வெயில் காலையில் மாடிப்படி அதிர ஒருவர் ஏறி வந்தார். காக்கிச் சட்டை, தோளில் பெட்ஷீட்டால் கட்டிய ஒரு மூட்டை. பின்னாலேயே ஐம்பது வயதைத் தாண்டிய உயரமான ஒருவர், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியோடு, ஒவ்வொரு படியாக வந்தார்.

"மேடம், என் பேரு வரதன், படப்பைல ஆட்டோ ஓட்டறேன். இவரு என் அக்கா வூட்டுக்காரரு, தேவராஜன். ஊரப்பாக்கத்துல கீறாரு. தொண்டைல கட்டி வந்து ஆபரேசன் பண்ணி, கொரலே எட்த்துட்டாங்கோ. இவரு தம்பி லண்டன்லேர்ந்து இந்தப் பொட்டிய அனுப்சாரு. டைப் பண்ணா இது பேசும். ஆனா இது பேசுனதுல குடும்பமே பேஜாராப் பூட்ச்சு."

மேடம் இருவருக்கும் நாற்காலி போட்டார். தேவராஜன் மடியில் ஒரு சிலேட்டு வைத்திருந்தார். அதில் எழுதிக் காட்டினார்: "தாம்பரம் ஸ்டேஷனில் அனௌன்சராக இருந்தேன்."

பாலிடெக்னிக் காலம் முழுக்க எந்த நடைமேடைக்கு ஓட வேண்டும் என்று எனக்குச் சொன்ன குரல் அது. முகத்தை அன்றுதான் பார்க்கிறேன். நான் அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கையைக் கூப்பினார்.

நடந்தது இதுதான். அவருடைய ஒரே மகள் மாலதி, ஜோசப் என்கிற மோட்டார் மெக்கானிக்கை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு கீழ்க்கட்டளையில் இருந்தாள். மதமும் பிடிக்கவில்லை, வேலையும் பிடிக்கவில்லை, தேவராஜன் அவளை வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு மனசு மாறியது. மகளிடம் சொல்ல நிறைய இருந்தது, குரல்தான் இல்லை. சிலேட்டில் எழுதிக் கொடுப்பதும் கடிதம் போடுவதும் பேசுவதாகாது என்று நினைத்தார். ரயில்வேயில் மைக் முன்னால் உட்கார்ந்தே வாழ்ந்த மனிதர். லண்டன் தம்பி அனுப்பிய கம்ப்யூட்டரில் தான் சொல்ல நினைத்ததையெல்லாம் பொறுமையாக டைப் செய்து ஃபிளாப்பியில் சேமித்தார். இங்கிலீஷ் பேசுவதற்காகச் செய்த பெட்டி அது. அதைத் தமிழ் பேச வைக்க ஆங்கில எழுத்துகளை இழுத்தும் வளைத்தும் போட வேண்டும். வாரக்கணக்கில் அதிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

பிறகு பேசும் பெட்டியிலிருந்து டேப்ரெக்கார்டருக்கு நேராக ஒரு வயர் கொடுத்து, கேசட்டில் பதிவு செய்தார். வயரைச் சொருகினால் பெட்டியின் ஸ்பீக்கர் அடங்கிவிடும். அதனால் பதிவாகும்போது யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. போட்டுக் கேட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே வரதனிடம் கொடுத்தனுப்பினார்.

மாலதி நாலு வாக்கியம் கேட்டதுமே நிறுத்திவிட்டு, அன்றைக்கே கேசட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

எங்கள் கடை டேப்ரெக்கார்டரில் வரதன் கேசட்டைப் போட்டார். தகரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு குரல்.

"மாலதி, அப்பா பேசறேன். இது என் குரல் இல்ல, வார்த்தை என்னுது. நீ வீட்டுக்கு வரக்கூடாது ஜோசப் மூஞ்சில முழிக்க மாட்டேன் அம்மா நல்லா இருக்கா."

தேவராஜன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சிலேட்டில், தான் டைப் செய்தது என்னவென்று எழுதினார். "நீ வீட்டுக்கு வரக்கூடாதுன்னு அன்னைக்கு நான் சொன்னது தப்பு. ஜோசப் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்னேன், அதை நெனச்சா இப்ப வெக்கமா இருக்கு." சிலேட்டுக் குச்சி 'வெக்கமா'வில் உடைந்துவிட்டது.

தமிழில் நாம் பேசுகிற விதம் அப்படி. சொன்னது முதலில் வரும், அது தப்பு என்பது கடைசியில் வரும். கடைசியைத்தான் பெட்டி விழுங்கியிருந்தது. நடுவில் ஒரு இடைவெளிகூட விடவில்லை. கேட்பவர்களுக்கு ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்ற சந்தேகமே வராது.

"கடுதாசி போட்டாரு மேடம், மெசின் முழுங்கிட்ச்சுன்னு. அதுக்கு அவ இன்னா சொல்றா தெரியுமா? 'மாமா, திட்டை மட்டும் கரெக்டா பேசிட்டு, சமாதானத்தை மட்டும் முழுங்குற மெஷின் எங்க விக்குது?'ன்றா. நான் இன்னா பதில் சொல்றது?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரையும் பெட்டியையும் இணைத்து, "வணக்கம், நான் தாம்பரத்துல இருக்கேன்" என்று அதன் பாஷையில் டைப் செய்தேன். அழகாகப் பேசியது. இன்னும் நாலு வாக்கியம் போட்டேன். ஒரு எழுத்துக்கூட விடவில்லை.

"பெட்டி நல்லாத்தானே இருக்கு மேடம்" என்றேன்.

"அவர் இப்படியா பேசினார்?"

அப்போதுதான் உறைத்தது. நான் கையால் டைப் செய்கிற வேகத்துக்குப் பெட்டி சுலபமாக ஈடுகொடுக்கும். அவரோ மொத்தப் பேச்சையும் ஃபிளாப்பியிலிருந்து ஒரே மூச்சில் அனுப்பியிருந்தார். அவருடைய ஃபிளாப்பியைப் போட்டு ஓடவிட்டேன். "நீ வீட்டுக்கு வரக்கூடாது ஜோசப் மூஞ்சில..." கேசட்டில் விழுங்கிய அதே இடம்.

கேபிளை ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தேன். பழுதில்லை. எங்களிடம் ஒரு சின்ன விளக்குப் பெட்டி உண்டு. கேபிளுக்கு நடுவில் வைத்தால், எந்தக் கம்பியில் என்ன போகிறது என்று விளக்குகள் எரிந்து காட்டும். எழுத்து போகும்போது பச்சை விளக்கு சிமிட்டும். பேசும் பெட்டி 'நிறுத்து' என்றால் சிவப்பு எரியும். தேவராஜனின் பேச்சைத் திரும்பத் திரும்ப அனுப்பி, அந்த இரண்டு விளக்குகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்கியத்தின் நடுவில் சிவப்பு எரிந்தது. பச்சை உடனே அணையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டுத்தான் நின்றது.

அந்தக் 'கொஞ்ச நேரம்'தான் எல்லா வினையும். கம்ப்யூட்டர் எழுத்துகளைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி அனுப்புகிறது. கையில் அள்ளியது தீர்ந்த பிறகுதான் சிவப்பு எரிகிறதா என்று பார்க்கிறது. பெட்டியோ, பஃபரில் நாலைந்து எழுத்துக்கு இடம் மிச்சம் இருக்கும்போதுதான் 'நிறுத்து' என்கிறது. வழியில் இருக்கிற மீதி எழுத்துகளுக்கு இடம் ஏது?

நான் சொல்லச் சொல்ல, தேவராஜன் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைக் கேட்பவர் போலத் தலையாட்டினார். சிலேட்டில் எழுதினார்: "சிவப்பைப் பார்த்த இடத்திலேயே ரயில் நிற்குமா? அதனால்தான் ஸ்டேஷனுக்கு ரொம்ப முன்னாலேயே ஒரு சிக்னல் வைக்கிறோம்."

அதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் எனக்கு பஃபரைப் பற்றிச் சொன்னதில்லை.

பெட்டியோடு வந்த மெல்லிய புத்தகத்தைப் புரட்டினோம். அடிப்பக்கம் ரப்பர் பாதத்துக்குப் பக்கத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டி ஸ்விட்சுகள். எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும்போது 'நிறுத்து' சொல்ல வேண்டும் என்பதை அவற்றில் மாற்றலாம். அது ஆகக் குறைந்த அளவில் இருந்தது. ஸ்விட்சுகள் இருந்த நிலையை வரைந்து வைத்துக்கொண்டு, அடுத்த நிலைக்கு மாற்றினேன். 'தப்பு' வந்தது, 'வெக்கமா' வரவில்லை. அதற்கும் அடுத்த நிலை. இப்போது சிவப்பு முன்னதாகவே எரிந்தது. பச்சை தன் மிச்சத்தை அனுப்பி முடித்து நின்றது. பெட்டி முழுப் பேச்சையும் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை பேசியது. வரதன் மூக்கை உறிஞ்சினார்.

"அவ்ளோதானா மேடம்? அப்ப நல்லாய்ட்ச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கோ, நான் போய்க் காட்டறேன்."

"பேப்பரை ஏற்கெனவே அந்தப் பொண்ணு நம்பலையே" என்றார் மேடம். "காதால கேட்டதுல வந்த சங்கடம். காதாலயே கேட்டாத்தான் தீரும். நாங்க வர்றோம்."

கடையைப் பூட்டிவிட்டு ஒரு வாடிக்கையாளரின் குடும்ப விஷயத்துக்குப் போவதா என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்கு வேறு ஒரு கவலை. "மேடம், இப்படியே எடுத்துட்டுப் போனா, அப்பா புதுசா நல்லதா நாலு வார்த்தை டைப் பண்ணிக் கொண்டாந்துட்டார்னுதான் நினைப்பாங்க. பழைய மாதிரியே விழுங்கிக் காட்டணும். ஸ்விட்சைப் பழைய இடத்துலயே வச்சு எடுத்துட்டுப் போகலாம்."

அவர் கண்ணாடியை மூக்கிலிருந்து இறக்கினார். "ரிப்பேர் பண்ணினதை மறுபடி கெடுக்கணும்ங்கற."

"ஆமா மேடம்."

"கெடு."

வரதனின் ஆட்டோவில் கடை டிவியை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மேடத்தின் மடியில் கம்ப்யூட்டர். தேவராஜன் பேசும் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தார். கீழ்க்கட்டளையில் மகள் இருக்கும் தெருமுனையில், ஒரு பூவரச மரத்தடியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். தான் இறங்கவில்லை என்று கையை ஆட்டினார். மேடம் வற்புறுத்தவில்லை.

வரிசை வீடுகளில் மூன்றாவது வீடு. கதவைத் திறந்தவளுக்கு அப்பாவின் நெற்றி, அப்பாவின் உயரம். வரதனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"மாமா, மறுபடியும் அதே கதையா?"

வரதன் பதில் சொல்வதற்குள் மேடம் முன்னால் வந்தார். "நாங்க ரிப்பேர் கடைக்காரங்கம்மா, தாம்பரம். உங்கப்பாவுக்காகப் பேச வரல. இந்த மெஷின் என்ன செய்யுதுன்னு எங்களுக்குத் தெரியும், அதை உங்ககிட்ட காட்டிட்டுப் போயிடறோம். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

ஒரு பெண் கேட்டதால்தான் அவள் வழிவிட்டாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரு கட்டிலின் மேல் பரப்பினோம். ஒரு பக்கம் அவள் வீட்டு டேப்ரெக்கார்டரில் அந்தப் பழைய கேசட். இன்னொரு பக்கம் கம்ப்யூட்டரும் பேசும் பெட்டியும். இரண்டையும் ஒரே சமயத்தில் தட்டிவிட்டேன். ஒரு வார்த்தை முன்னே பின்னே, இரண்டு தகரக் குரல்கள் பேசின. "நீ வீட்டுக்கு வரக்கூடாது ஜோசப் மூஞ்சில முழிக்க மாட்டேன் அம்மா நல்லா இருக்கா." இரண்டும் ஒரே இடங்களில் தாவின.

மாலதி எழுந்து வந்து டேப்ரெக்கார்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். "ரெண்டும் கேசட்டுதானே?"

பெட்டி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. அவள் பிளக்கைக் கையில் வைத்தபடி அதையே பார்த்தாள்.

"இப்ப டிவியைப் பாருங்க" என்றேன். "ஃபிளாப்பில இருக்கிறது இதுதான். எழுத்து இங்கிலீஷ், பேச்சு தமிழ். மெதுவா வாய்விட்டுப் படிங்க."

அவள் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "நீ... வீட்டுக்கு... வரக்கூடாதுன்னு... அன்னைக்கு... நான்..." அங்கே நிறுத்திவிட்டாள்.

"பெட்டி அந்த இடத்துலதான் நிரம்பிடுது. மீதி உள்ள போகல. அது திட்டுன்னும் தெரியாது, சமாதானம்னும் தெரியாதும்மா அதுக்கு."

பெட்டியைத் திருப்பி, அவள் கண் முன்னாலேயே பேனா முனையால் ஸ்விட்சுகளை மாற்றினேன். பழையபடி நிமிர்த்தி வைத்து, ஓடவிட்டேன்.

"...அன்னைக்கு நான் சொன்னது தப்பு. ஜோசப் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்னேன், அதை நெனச்சா இப்ப வெக்கமா இருக்கு. அம்மா நல்லா இருக்கா. ஆனா வாசலைப் பாத்துக்கிட்டே இருக்கா. நானும்தான்."

அதற்குப் பிறகும் பேச்சு நீண்டது. ஒரு அப்பா மகளிடம் சொன்னது, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. மாலதி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முடியும்வரை கேட்டாள்.

"அப்பா எங்க மாமா?"

"முக்குல ஆட்டோல குந்திகினு கீறாரு. உள்ள வரலாமா இன்னான்னு அவருக்குத் தெரில."

செருப்புக்கூடப் போடாமல் போனாள். தெருமுனையில் என்ன நடந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. மேடம் என்னை ஜன்னல் பக்கம் போகவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். அப்பாவின் முழங்கையை அவள் பிடித்திருந்தாள். அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

ஃபிளாப்பியில் அவ்வளவு எழுதியவர் இப்போது ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"மாப்பிள்ளை எங்க?" என்றது பெட்டி.

மாலதி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. "வேலைக்குப் போயிருக்காருப்பா. சாயங்காலம் வந்துடுவாரு."

மறுபடி ஒற்றை விரல். "இருந்து பாத்துட்டுப் போறேன்."

மேடம் கண்ணால் ஜாடை காட்டினார். டிவியையும் கம்ப்யூட்டரையும் அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். பல்லாவரத்தில் பஸ் மாறும்போது மேடம் கேட்டார்: "ஸ்விட்ச் தானா நகராம மேல டேப் ஒட்டினியா?"

"ஒட்டினேன் மேடம்."

"நல்ல வேலை." அவரிடம் நான் வேலை பார்த்த காலம் முழுவதிலும் அந்த இரண்டு வார்த்தையை அவர் சொன்னது மிக அபூர்வம். பெட்டியைச் சரிசெய்ததற்குச் சொன்னாரா, கெடுத்து எடுத்துப் போனதற்குச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஸ்டெல்லா மேடம் கொடுத்த சிபாரிசில் ஒரு பெரிய கம்பெனியின் தகவல் தொடர்புப் பிரிவில் சேர்ந்தேன். தொண்ணூறுகளில் மோடம் வந்தது, பிறகு என்னென்னவோ வந்தது. ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான் எனக்கும் என் குடும்பத்துக்கும் சோறு போட்டது. பொருளை மட்டும் பார்க்காமல், அது யாருக்கும் யாருக்கும் நடுவில் நிற்கிறது என்று பார்க்க எனக்கு இடம் கொடுத்தவர் மேடம். தேவராஜன் அந்தப் பெட்டியோடு பல வருஷம் பேசினார். தீபாவளிக்குக் கடைக்கு வந்து, மாலதி செய்த முறுக்கைக் கொடுத்துவிட்டுப் போவார். என் கல்யாணத்துக்கும் வந்திருந்தார். எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்ததெல்லாம் இவர்களைப் போன்றவர்கள் மூலம் வந்ததுதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வரதன் இரண்டொரு நாள் கழித்து டிவியைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, அன்று சாயங்காலம் என்ன ஆயிற்று என்று நானே கேட்டேன். அவர் டிவியை மேஜைமேல் இறக்கிவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"ஜோசப்பு கையெல்லாம் கிரீஸோட வந்தான் சார். மாமனாரப் பாத்துட்டு வாசல்லயே நின்னுட்டான். மாமா எய்ந்து நின்னாரு. மாலதி பாப்பா பொட்டிய ஆன் பண்ணப் போச்சு, மாமா வேணாம்னு கைய காட்டிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசல. பக்கத்துல பக்கத்துல குந்தி ஒண்ணா துன்னாங்கோ."